கண்ணாடித் தொட்டிக்குள் பாசி: வாசகர் கேட்டவை

முருகையும் கடல்மீனும் வளர்க்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாசியைப் பற்றியவை. ஒரேமாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். படிக்கும் முன் ஒரு வேண்டுகோள். எந்தப் பாசி என்று தெரியாமல் எதையும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். பச்சை மயிர்ப்பாசிக்குச் செய்யும் வைத்தியத்தை மண்ணிறச் சளிக்குச் செய்தால் சளி இரட்டிப்பாகும்.

200 லீற்றர் தொட்டி, ஆறு மாதமாகிறது. கற்களில் விரல் நீளத்துக்குப் பச்சை மயிர் போலப் பாசி. தேய்த்துத் தள்ளினால் பத்து நாளில் திரும்பவும் வளர்ந்துவிடுகிறது. நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் சோதனையில் பூச்சியம் என்றே காட்டுகின்றன. ஆவியாகிக் குறையும் நீருக்குக் கிணற்றுநீரை வீட்டு வடிகட்டியில் வடித்து ஊற்றுகிறேன். கற்கள் பழைய மதிலொன்றை இடித்தபோது கிடைத்த முருகைக்கற்கள். எங்கே பிழை?
– வாசகர், மாங்குளம்

சோதனை பூச்சியம் காட்டுவதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீருக்குள் வருவதையெல்லாம் அந்தப் பாசியே உடனுக்குடன் தின்றுவிடுகிறது. மிச்சம் இருந்தால்தானே சோதனையில் தெரியும்? ஆகவே தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்த வழியால் வருகிறது என்று பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது கிணறு. வீட்டு வடிகட்டியில் இருக்கும் மெழுகுதிரி வடிவ வடியும் கரியும் கலங்கலையும் மணத்தையும் எடுக்கும், கரைந்திருக்கும் நைத்திரேற்றை எடுக்காது. வயலுக்குப் போடும் யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி மழையோடு கீழிறங்கிக் கிணற்றுக்கு வரும். பொஸ்பேற்று பெரும்பாலும் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு கணக்குப் பாருங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் உங்கள் தொட்டியில் நாளுக்கு 3 லீற்றர் ஆவியாகிறது என்று வைப்போம். கிணற்றுநீரில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால் நாளுக்கு 60 மில்லிகிராம் உள்ளே போகிறது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் வந்தது தொட்டியிலேயே தங்கும். 200 லீற்றருக்குப் பிரித்தால் லீற்றருக்கு நாளுக்கு 0.3, மாதத்துக்கு 9 மில்லிகிராம் வீதம் ஏறும். மீனுக்கு ஒரு பருக்கை உணவு போடாமலே வரும் கணக்கு இது.

நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் ரீ.டி.எஸ். பேனா ஒன்று வாங்கி ஊற்றும் நீரில் வைத்துப் பாருங்கள். அது பூச்சியம் காட்டவேண்டும். குடிநீருக்கென்று விற்கும் ஆர்.ஓ. (நுண்சவ்வில் அழுத்தி வடித்த) தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனாலும் பேனாவை வைத்தால் பெரும்பாலும் பூச்சியம் வராது. அந்த நீரையே வாங்கி, டி.ஐ. எனப்படும் அயன் பிசின் நிரப்பிய ஒரு குழாய்க்குள்ளால் மெதுவாக விட்டெடுத்தால் போதும், வீட்டில் முழு ஆர்.ஓ. பூட்டவேண்டிய அவசியமில்லை. பேனா 1 காட்டிய அன்றே பிசினை மாற்றுங்கள். பிசின் களைக்கும்போது முதலில் நழுவி வெளியே வருவது சிலிக்கா (கல்லிலிருந்து நீரில் கரைந்து வருவது), அதைப் பேனா சரியாகக் காட்டாது.

இரண்டாவது கற்கள். மதிலில் பல வருடம் இருந்த முருகைக்கல் மழைநீரிலும் மண்ணிலும் இருந்த பொஸ்பேற்றை உறிஞ்சி வைத்திருக்கும். தொட்டிக்குள் போனதும் அதைச் சிறுகச் சிறுக விடும். தெரிந்துகொள்ள வழி: ஒரு கல்லை எடுத்துத் தேய்த்துக் கழுவி, புதிதாகக் கலந்த உப்புநீர் வாளியில் போட்டு, சிறிய பம்ப் ஒன்றை ஓடவிட்டு, வெளிச்சம் படாமல் மூடி ஒரு கிழமை வையுங்கள். பிறகு பொஸ்பேற்று பாருங்கள். லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் கல் கசிகிறது. அப்படியானால் பொஸ்பேற்றைப் பிடிக்கும் இரும்பு ஒட்சைட்டுக் குருணியை, தயாரிப்பாளர் சொல்லும் அளவில் பாதியாகத் தொடங்கி, கிழமைக்கொருமுறை சோதித்துப் பாவியுங்கள். 0.03க்கும் 0.1க்கும் இடையில் நின்றால் நல்லது. பூச்சியத்துக்கு இறக்காதீர்கள். ஏன் என்பதைக் கிளிநொச்சி வாசகருக்கான பதிலில் பாருங்கள்.

இனி இருக்கும் பாசியை எடுப்பது. தொட்டிக்குள் வைத்துத் தேய்த்ததுதான் நீங்கள் விட்ட பெரிய பிழை. உடைந்த ஒவ்வொரு துண்டும் இன்னோர் இடத்தில் போய் ஒட்டும். பம்புகளை நிறுத்துங்கள். எடுக்கக்கூடிய கற்களைத் தொட்டிநீர் நிரப்பிய வாளிக்கு மாற்றி, பாசியை விரலில் சுற்றி அடியோடு பிடுங்குங்கள். பிறகு பழைய பல்தூரிகையால் தேயுங்கள். எடுக்கமுடியாத கல்லானால் 12 மில்லிமீற்றர் குழாயின் வாயைத் தூரிகைக்குப் பக்கத்திலேயே பிடித்து, உறிஞ்சிக்கொண்டே தேயுங்கள். வாளியிலிருந்து எடுத்த கல்லில் பாசி வேர் தெரியும் இடங்களில், மருந்துக் கடையில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரோக்சைட்டைச் சிறு தூரிகையால் பூசுங்கள். பொங்கிக் குமிழி வரும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வேறு வாளி உப்புநீரில் அலசி உள்ளே வையுங்கள். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் வெளுக்கும். உயிருள்ள முருகைத் தசையில் படவிடாதீர்கள். தொட்டியில் இறால் இருந்தால் அலசாத கல் உள்ளே போகவே கூடாது. ஒரு கிழமைக்கு மூன்றில் ஒரு பங்கு கற்கள் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் சாகும் பாசி அழுகி அமோனியா ஏறும்.

விளக்கை 8 மணித்தியாலத்துக்குக் குறையுங்கள். கிழக்குச் சாளரத்தால் வெயில் விழுந்தால் திரை போடுங்கள். உறைந்த உணவை ஒரு கோப்பை தொட்டிநீரில் இளகவிட்டு, தேத்தண்ணி வடியில் வடித்து, சாற்றை வெளியே ஊற்றிவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். அந்தச் சாறு பாசிக்கு வைக்கும் பசளை. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும். அதற்கு முன் விளைவைத் தேடி வழியை மாற்றாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரு இழையைப் பிடுங்கி வெள்ளைக் கோப்பையில் மிதக்கவிட்டு உருப்பெருக்கியால் பாருங்கள். நடுத்தண்டும் இரு பக்கமும் கிளையுமாகத் தென்னோலை போலத் தெரிந்தால் அது மயிர்ப்பாசி அல்ல, பிரையோப்சிஸ். நைத்திரேற்றைக் குறைத்தாலும் அது அசையாது, நத்தையும் தொடாது. அதற்கு புளுக்கோனசோல் என்னும் பூஞ்சை மருந்து, லீற்றருக்கு 5 மில்லிகிராம். கல்லும் மணலும் இருக்கும் 200 லீற்றர் தொட்டியில் உண்மையான நீர் சுமார் 160 லீற்றர்தான் இருக்கும், அதற்கு 800 மில்லிகிராம். தொட்டியில் கரி போட்டிருந்தால் எடுத்துவிட்டு, ஸ்கிம்மரின் (நுரையோடு அழுக்கை எடுக்கும் கருவி) கோப்பையைக் கழற்றிவைத்து 14 நாள் விடுங்கள். பிறகு கால்வாசி நீரை மாற்றிக் கரியைத் திரும்பப் போடுங்கள். மனிதருக்கான இந்த மருந்தை வைத்தியரின் சீட்டில்லாமல் வாங்க முயலவேண்டாம். தொட்டிக்கென்றே பொதி செய்த தூள் இருக்கிறது.

புதுத் தொட்டி, மூன்று கிழமை. மணலிலும் கண்ணாடியிலும் மண்ணிறத் தூள். கையால் தட்டினால் பறக்கிறது.
– வாசகி, வவுனியா

அது டயற்றம், சிலிக்காவால் ஓடு கட்டும் நுண்பாசி. சிலிக்கா இருக்கும்வரை வரும், முடிந்ததும் போகும். வவுனியா பக்கம் கருங்கற்பாறை நிலம், கிணற்றுநீரில் சிலிக்கா இருக்கும். மாங்குளம் வாசகருக்குச் சொன்ன பிசின் குழாயை நீங்களும் பூட்டுங்கள். வேறு எதுவும் செய்யவேண்டாம். இரண்டு மாதம் கடந்தும் போகவில்லையென்றால் பிசின் தீர்ந்திருக்கலாம்.

மணலின்மேல் சிவப்பு ஊதா நிறத்தில் ஒரு போர்வை. பால் ஆடை போல உரிந்து வருகிறது, அடியில் குமிழிகள். அன்ரிபயோரிக் ஒன்றை நீரில் கரைக்கச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

ஆடை போல உரிகிறது என்று எழுதினீர்களே, அதுவே அடையாளம். இது பாசியே அல்ல, சயனோபக்ரீரியா. பக்ரீரியா என்பதால் அன்ரிபயோரிக் கொல்லும். ஆனால் அமோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றும் நல்ல பக்ரீரியாவுக்கும் அதே மருந்து ஆபத்து. போர்வை செத்து அழுகும்போது ஒட்சிசன் சரியும். இரவில் மீன் மேலே வந்து வாய் திறக்கும். வந்த காரணம் மாறாததால் ஒரு மாதத்தில் திரும்பவும் வரும். போடாதீர்கள்.

காற்றுக் குழாய் அளவு மெல்லிய குழாயால் மூன்று நாள் தொடர்ந்து உறிஞ்சி எடுங்கள். உறிஞ்சும் நீருக்கு அளவாகப் புது உப்புநீர் ஊற்றுங்கள். பிறகு அந்த இடத்தில் நீரோட்டம் எப்படி என்று பாருங்கள். ஒரு சிட்டிகை உணவுத்தூளைப் போட்டால் தெரியும். தூள் வந்து படுத்து அசையாமல் கிடக்கும் மூலையில்தான் போர்வை தொடங்கும். பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) அங்கே திருப்புங்கள். மொத்த ஓட்டம் மணித்தியாலத்துக்குத் தொட்டி நீரின் 20 முதல் 30 மடங்கு இருக்கலாம். நைத்திரேற்று பூச்சியமும் பொஸ்பேற்று கொஞ்சமும் இருந்தால் சயனோவுக்குக் கொண்டாட்டம், சில வகைகளுக்குக் காற்றிலுள்ள நைதரசனையே எடுக்கத் தெரியும். அப்போது மீனுக்கு உணவைச் சற்றுக் கூட்டி நைத்திரேற்றை 5க்குக் கொண்டுவருவது நல்லது. வெப்பமும் முக்கியம். 28 பாகை தாண்டினால் வேகமாகப் பரவும். நீர்ப்பரப்பின்மேல் மேசை விசிறி ஒன்றைச் சரித்து வைத்தால் இரண்டு பாகையாவது இறங்கும், அதற்கேற்ப ஆவியாவதும் கூடும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மூன்று நாள் இருட்டடிப்பு. விளக்கை அணைத்து, கறுப்புத் துணியால் நாலு பக்கமும் மூடுங்கள். ஸ்கிம்மரும் காற்றுக்கல்லும் கட்டாயம் ஓடவேண்டும். மின்வெட்டு அறிவித்திருக்கும் நாட்களில் தொடங்கவேண்டாம். நான்காம் நாள் பாதி வெளிச்சத்தோடு திறந்து, உடனே கால்வாசி நீரை மாற்றுங்கள்.

முல்லைத்தீவுக் கடலில் நாமே நீர் அள்ளிப் பாவிக்கிறோம். கோடையில் பிரச்சினை இல்லை. மாரியில் மாற்றிய ஒவ்வொரு முறையும் பாசி கிளம்புகிறது.
– வாசகர், முள்ளியவளை

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். மாரியில் நந்திக்கடலின் முகத்துவாரம் வட்டுவாகலிலும், அதேபோல நாயாறும் கொக்கிளாயும் வாய் திறந்து, வயல்நீரையும் சேற்றையும் கடலுக்குத் தள்ளுகின்றன. அள்ளும் நீரில் உப்புக் குறைவு, பசளை அதிகம். வாடைக் காலத்து நீரை முழுதாக விட்டுவிடுங்கள். கோடையில், முகத்துவாரங்களுக்குத் தூரமாக, படகில் கொஞ்சம் வெளியே போய் அள்ளுவதே சரி. படகுகள் கட்டும் துறையில் அள்ளினால் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வரும். உணவுக்கான பிளாஸ்ரிக் கானில் எடுத்து, துணியில் வடித்து, வெளிச்சம் படாத பீப்பாயில் இரண்டு கிழமை மூடிவையுங்கள். மிதக்கும் நுண்ணுயிர்கள் இறந்து அடியில் படியும். மேல்நீரை மட்டும் எடுத்து, ஒரு நாள் காற்றடித்து, உப்பளவு காட்டும் ரெஃப்ராக்டோமீற்றரில் ஆயிரத்துக்கு 35 என்று பார்த்துப் பிறகு பாவியுங்கள். மாரிக்குத் தேவையானதைப் புரட்டாதிக்கு முன்பே பீப்பாய்களில் சேர்த்துவைக்கலாம்.

நீர் அள்ளப் போகும் வழியில் உயிருள்ள முருகையை உடைத்து எடுத்துவராதீர்கள். அது சட்டப்படி குற்றம். சட்டத்தைவிட, அந்தப் பாறை திரும்ப வளர எடுக்கும் காலத்தை நினையுங்கள்.

ஆனையிறவு உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்தால் செலவு குறையுமே?
– மாணவர், பரந்தன்

முடியாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கல்சியம் முதலில் ஜிப்சமாகப் படிகிறது, பிறகு சாப்பாட்டு உப்பு படிகிறது, மக்னீசியம் கடைசி நீரில் தங்கி வெளியே போகிறது. கையில் வருவது கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைட். முருகைக்கு வேண்டிய கல்சியம் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல், மக்னீசியம் 1300 அளவில். இரண்டும் அந்த உப்பில் இல்லை. சமையலுக்கு நல்ல உப்பு, தொட்டிக்கு அல்ல.

முதலில் மயிர்ப்பாசி இருந்தது. இரும்பு ஒட்சைட்டை நிறையப் போட்டு, கிழமைக்கு இருமுறை நீர் மாற்றிப் பாசியை ஒழித்தேன். இப்போது நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் பூச்சியம். ஆனால் மண்ணிறச் சளி நூல் நூலாகத் தொங்குகிறது, நுனியில் குமிழி. காலையில் குறைவு, பின்னேரம் நிறைய. நத்தைகள் சாகின்றன.
– வாசகர், கிளிநொச்சி

இந்த மாதம் வந்த கடிதங்களில் எங்களுக்கு அதிகம் கவலை தந்தது உங்களுடையது. நீங்கள் உழைத்த உழைப்புத்தான் இதைக் கொண்டுவந்திருக்கிறது. நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் ஒன்றுமில்லாமல் போனால் பாசியும் பக்ரீரியாவும் பட்டினியில் ஒதுங்கும். காலியான அந்த இடத்தை டைனோபிளாஜெலேற்றுகள் என்னும் நுண்ணுயிர்கள், சுருக்கமாக டைனோ, பிடித்துக்கொள்ளும்.

முதலில் உறுதிப்படுத்துங்கள். சளியைக் கொஞ்சம் உறிஞ்சி, தொட்டிநீரோடு சிறிய போத்தலில் இட்டு நன்றாகக் குலுக்குங்கள். மெல்லிய துணியில் வடித்து, வடிந்த நீரை விளக்கின் கீழ் ஒரு மணித்தியாலம் வையுங்கள். திரும்பவும் ஒன்றுகூடி நூலாகத் திரண்டால் டைனோ. எந்த வகை என்று தெரிய நுணுக்குக்காட்டி வேண்டும். பக்கத்துப் பாடசாலையின் உயிரியல் ஆசிரியரிடம் ஒரு துளியைக் கொண்டுபோங்கள், 400 மடங்கு போதும். கண்ணீர்த் துளி வடிவில், ஒரு புள்ளியில் கட்டிவிட்டதுபோல் சுற்றிச் சுற்றி ஆடினால் ஒஸ்ரியோப்சிஸ். நீள்வட்டமாக வழுக்கி நகர்ந்தால் அம்பிடினியம். நத்தை சாவதால் உங்களுடையது முதலாவதாக இருக்கலாம், அது நஞ்சு சுரக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட்டிக்குள் கை வைக்காதீர்கள். உறிஞ்சும் குழாயை வாயால் இழுக்கவே கூடாது.

செய்யவேண்டியது முன்பு செய்ததற்கு நேர் எதிர். இரும்பு ஒட்சைட்டை இன்றே எடுங்கள். நீர் மாற்றுவதை நிறுத்துங்கள், ஏனெனில் புது நீரில் வரும் நுண்தாதுக்கள் டைனோவுக்கு உதவுகின்றன. ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். உணவைக் கூட்டியோ, தொட்டிக்கென விற்கும் கரைசல்களாலோ நைத்திரேற்றை 5 முதல் 10க்கும், பொஸ்பேற்றை 0.05 முதல் 0.1க்கும் கொண்டுவந்து, நாள்தோறும் அளந்து, அங்கேயே பிடித்துவையுங்கள். கல் உறிஞ்சும் என்பதால் முதல் கிழமை பொஸ்பேற்று போட்ட அன்றே காணாமல் போகும், தளராமல் திரும்பப் போடுங்கள். நஞ்சை எடுக்க நல்ல கரி போட்டு, கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். மிஞ்சிய நத்தைகளை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

ஒஸ்ரியோப்சிஸ் இரவில் தான் ஒட்டியிருக்கும் கல்லையும் மணலையும் விட்டு நீரில் மிதக்கும். அப்போது யூ.வி. (புற ஊதாக் கதிர்) விளக்குக்கு அது அகப்படும். 10 லீற்றருக்கு 1 வோற் அளவில், மெதுவான ஓட்டத்தில், நீரைத் தொட்டியிலிருந்தே நேரடியாக எடுத்து அங்கேயே திரும்ப விடும்படி பூட்டுங்கள். அம்பிடினியமானால் யூ.வி. வீண். அது மணலை விட்டு வெளியே வராது. அதற்கு மற்றவர்கள் பயப்படும் சிலிக்காவையே அளவாகப் போட்டு டயற்றத்தை வளரவிட்டால், அது மணலைப் பிடித்து டைனோவை நெருக்கும். சில கிழமையில் பச்சைப்பாசி மெல்லத் தலைகாட்டினால் சந்தோஷப்படுங்கள். தொட்டி திரும்பி வருகிறது.

பாசி தின்ன எதை விடலாம்? சங்கு, கடலட்டை, ஒரா எல்லாம் எங்கள் பக்கம் கிடைக்கும்.
– வாசகர், பூநகரி

சங்கு வேண்டாம். அது புழு தின்னும் உயிர், பாசியைத் தொடாது. கடலட்டை மணலைச் சுத்தம் செய்யும், ஆனால் பம்பில் அகப்பட்டோ நோயிலோ செத்தால் அதன் நஞ்சு ஒரு சிறு தொட்டியின் மீன்களை ஒரே இரவில் முடித்துவிடும். ஒராக்குஞ்சு மயிர்ப்பாசியை ஆசையாகத் தின்னும், உண்மை. ஆனால் வேகமாக வளரும், முதுகு முள்ளில் விஷம், பசித்தால் முருகையையும் கடிக்கும். 200 லீற்றருக்கு அது ஏற்றதல்ல.

நல்லது ட்ரோக்கஸ் நத்தை, கவிழ்ந்தால் தானே நிமிரும். 200 லீற்றருக்கு எட்டுப் பத்தும், மணலுக்குச் சின்ன ஊரி பதினைந்தும் போதும். விடும்போது சொட்டுச் சொட்டாகத் தொட்டிநீர் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பழக்குங்கள். உப்பு திடீரென மாறினால் ஒரு கிழமைக்குள் ஒவ்வொன்றாகச் சாகும். விரல் நீளப் பாசியை எந்த நத்தையும் தின்னாது, நீங்கள் பிடுங்கிக் குட்டையாக்கிக் கொடுக்கவேண்டும்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு நல்ல பொருள் இருக்கிறது. கஞ்சிப்பாசி. தொட்டிக்குக் கீழே தனிப் பெட்டியில், அதற்கென ஒரு விளக்கோடு, இரவில் வெளிச்சம் கொடுத்து ஒரு கைப்பிடி வளர்த்தால் நைத்திரேற்றை அது எடுத்துக்கொள்ளும். வளர்ந்ததில் பாதியைக் கிழித்து வெளியே எடுக்கும்போதுதான் நைத்திரேற்று தொட்டியை விட்டுப் போகிறது. எடுக்காமல் விட்டால் உள்ளேயே அழுகித் திரும்பக் கொடுக்கும். கடலிலிருந்து எடுத்ததைத் தனி வாளியில் இரண்டு கிழமை வைத்து, ஒட்டிய நண்டும் புழுவும் போனபின் சேருங்கள்.

கல்லில் பச்சைக் கண்ணாடிக் குண்டு போலப் பாசி. ஒன்றும் போகவில்லை. கல்லை வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டுவிடலாமா?
– வாசகி, கிளிநொச்சி

அது வலோனியா. குண்டைத் தொட்டிக்குள் உடைக்காதீர்கள், உள்ளிருப்பது பரவிப் புதிதாக முளைக்கும். கல்லை வாளிக்கு எடுத்து, தட்டையான திருப்புளியை அடியில் கொடுத்து முழுதாக நெம்பி எடுங்கள். எட்டாத இடமானால் குழாயால் உறிஞ்சிக்கொண்டே நெம்புங்கள்.

கொதிநீர் மட்டும் வேண்டாம். பொத்தான் போலக் கூட்டமாக இருக்கும் சோவாந்திட், பாலித்தோவா இனங்கள் சிலவற்றில் பாலிரொக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்கவைத்தாலோ சுடுநீர் ஊற்றிக் கழுவினாலோ நஞ்சு ஆவியோடும் துளியோடும் காற்றில் கலக்கும். அதைச் சுவாசித்துக் குடும்பத்தோடு வைத்தியசாலைக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கல்லைக் காயவைத்துச் சுரண்டினாலும் தூசி அதே வேலையைச் செய்யும். தேய்ப்பதானால் உப்புநீருக்குள் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு, பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஏற்கெனவே சுடுநீர் ஊற்றிவிட்டு இருமல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை என்று ஏதாவது தெரிந்தால் சாளரங்களைத் திறந்து, எல்லோரும் வீட்டுக்கு வெளியே வந்து, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். முருகைத் தொட்டியின் கல்லைச் சுடுநீரில் கழுவினோம் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.